திருகாணியும் ழகரமும்

திங்கள், விடியற்காலை

நாலரை மணி. மின்விசிறியை நிறுத்திவிட்டு மேசை முன் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே நான்கு ஹெட்போன்கள். எதையும் இன்னும் மாட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னால் காது சற்று நேரம் வெறுமனே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு ஃப்ரிட்ஜின் முனகல் கேட்கும். அதற்கும் பின்னால் தெருக்கோடியில் பால் பாக்கெட் டிரேக்களை இறக்கும் சத்தம். எல்லாவற்றுக்கும் கடைசியாக, அடுத்த அறையில் தூங்கும் அம்மாவின் மூச்சு. அது கேட்க ஆரம்பித்துவிட்டால் காது தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வேன்.

முதியவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. ஒரு மணி நேரப் பேச்சை ஒழுங்காக எழுதி முடிக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும். பதிவு மோசமாக இருந்தால் ஏழும் ஆகும். தச்சருக்கு உளி எப்படியோ அப்படித்தான் எனக்கு ஹெட்போன். பழையது போன மாதம் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. புதிதுக்கு என்னால் ஒதுக்க முடிந்தது இரண்டாயிரம் ரூபாய்.

இப்போது கையில் இருப்பது 14ஆவது பதிவு. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பேசுகிறார். நிறைமாதத்தில், ராத்திரியில், வயலைத் தாண்டி மருத்துவச்சி வீட்டுக்குத் தனியாக நடந்து போன கதை. நடுவே ஒரு வாக்கியம் வருகிறது: "அந்த வலி எனக்குத் தெரியும்." அல்லது, "அந்த வழி எனக்குத் தெரியும்." இரண்டுமே அந்த இடத்தில் பொருந்துகின்றன. பின்னால் மின்விசிறி ஓடுகிறது. யாரோ மேசை மேல் டம்ளரை வைக்கிறார்கள். பழைய ஹெட்போனில் "வலி" என்று காதில் விழுந்தது, அப்படியே தட்டச்சு செய்துவிட்டேன். மனம் ஒப்பவில்லை.

செவ்வாய்

ரிச்சி தெருவுக்குப் போய் வந்ததை எழுதி வைக்க வேண்டும். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே ஒரு கடைக்கு ஒரு பாட்டு. நான் நின்ற கடையில் இருந்த பையன் தன் போனில் குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டு ஹெட்போனை நீட்டினான். "பேஸ் பாருங்க சார், நெஞ்சுல இடிக்கும்." இடித்தது. அங்கே அது நன்றாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து, சத்தமில்லாத அறையில் அதே ஹெட்போனில் பாட்டியின் பேச்சைப் போட்டபோது அந்த இடி ஈரக் கம்பளி மாதிரி குரலின் மேல் கிடந்தது.

காரணம் எளிது. தெரு இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த ஒலி: பஸ் என்ஜின், ஜெனரேட்டர், லாரி. அது ஹெட்போனில் வரும் தாழ்ந்த ஒலியை மறைத்துவிடுகிறது. அதனால் அளவுக்கு மிஞ்சிய பேஸ் அங்கே சரியான பேஸாகக் கேட்கிறது. கடைவாசலில் நின்று ஒரு நிமிஷம் கேட்பவரை மனத்தில் வைத்தே மலிவான ஹெட்போன்கள் பலவும் செய்யப்படுகின்றன என்று எனக்குப் படுகிறது.

"பாட்டு வேணாம் தம்பி, பேச்சு ஏதாவது இருந்தா போடு" என்றேன். தேடி, ஒரு செய்தி வாசிப்பைப் போட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் என்னை ஓரமாக நிற்கவும் விட்டான். அந்தப் பொறுமைக்கு நன்றி.

வாங்கியவை மூன்று. காதைச் சுற்றிலும் மூடும் பெரியது ஒன்று. காதின் மேலேயே உட்காரும் சிறியது ஒன்று. காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்று. இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. நான்காவது, நண்பர் இரவல் தந்தது. வாங்கிய மூன்றின் பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. இந்த விலையில் மாடல்கள் வருஷத்துக்கு வருஷம் மாறிவிடுகின்றன. நான் கவனிக்க விரும்புவது அவற்றின் உருவத்தையும் அவை தலையில் உட்காரும் விதத்தையும்.

புதன், இரவு

பெரியதை மாட்டிக்கொண்டு எதையும் ஓட்டாமல் இருந்தேன். உள்ளே ஒரு மெல்லிய இரைச்சல். சின்ன வயதில் சங்கைக் காதில் வைத்துக் கடல் கேட்கிறது என்று சொல்வோமே, அதே இரைச்சல். சங்குக்குள் கடல் இல்லை. அறையில் இருக்கும் ஒலியில் ஒரு பகுதி அந்தக் குடைவுக்குள் எதிரொலித்துப் பெருகுகிறது. இதுவும் ஒரு பிளாஸ்டிக் சங்குதான். பாட்டியின் குரலும் இந்தக் குடைவுக்குள் புகுந்து, கொஞ்சம் குடைவின் குரலாகவும் மாறித்தான் எனக்கு வருகிறது. விலை உயர்ந்தவற்றில் இந்தக் குடைவை அடக்க உள்ளே நல்ல பஞ்சு வைத்து, சுவரைக் கனமாகச் செய்திருப்பார்கள். இதன் கூட்டைச் சுண்டினால் காலி டப்பாவின் சத்தம் வருகிறது.

ஆனால் முதல் ஒரு மணி நேரம் இது சுகமாக இருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 240 கிராம். குஷன் காது மடலைத் தொடாமல் சுற்றி உட்காருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் மூக்குக்கண்ணாடியின் கம்பி கன்னப்பொட்டில் அழுந்த ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்தில் காதுக்குள் வியர்வை. மே மாதச் சென்னையில் காதைச் சுற்றி ரெக்சின் வைத்து மூடினால் வேறென்ன நடக்கும்? கழற்றியபோது இரண்டு காதும் மழையில் நனைந்தவை போல் இருந்தன. காற்றுப் பட்டதும் வந்த அந்தக் குளிர்ச்சியை, அன்றைய நாளின் நல்ல நிமிஷங்களில் ஒன்றாகக் குறித்து வைக்கிறேன்.

வியாழன்

காதின் மேல் உட்காரும் சிறியது 120 கிராம். தலைக்கு ஒரு பாரமுமில்லை. பேச்சும் முதல் பார்வைக்குத் தெளிவு. பெரியதைவிட இதுவே போதும் என்று காலையில் எழுதியிருந்தேன். மதியம் அந்த வரியை அடித்துவிட்டேன்.

அம்மா கச்சேரி கேட்கவேண்டும் என்றாள். இதை மாட்டிவிட்டேன். ஒரு பல்லவி முடிவதற்குள் கழற்றிவிட்டாள். "பாட்டு நன்னாத்தான் இருக்கு. திருகாணி குத்தறதுடா."

திருகாணி! எந்தப் பெட்டியின் மேலும் இது எழுதியிருக்காது. அம்மா கல்யாணமான நாளிலிருந்து கழற்றாத தோடு. மேலிருந்து குஷன் அழுத்தும்போது தோடு மடலுக்குள் பதிகிறது, பின்னால் இருக்கும் திருகாணி காதுக்குப் பின்புறத்து எலும்பில் குத்துகிறது. தோடு போட்ட கோடிக்கணக்கான காதுகள் இருக்கும் நாட்டில் விற்கப்படும் பொருள் இது. காது மடல் வெறும் குருத்தெலும்பும் தோலும். அதன்மேல் ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தினால், தோடு இல்லாவிட்டாலும் அரை மணி நேரத்தில் சுடும். எனக்கும் சுட்டது. காலையில் எனக்குத் தெளிவாகக் கேட்ட அதே பேச்சு, வலி தொடங்கிய பிறகு கரகரப்பாகக் கேட்டது. பேச்சு மாறவில்லை. கவனத்தில் பாதியைக் காது மடல் எடுத்துக்கொண்டுவிட்டது.

வெள்ளி, விடியற்காலை

இயர்போன். காதுக்குள் போகும் சிலிக்கான் நுனி சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி கொடுத்திருந்தார்கள். என் இடது காதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம். ஐம்பத்து நான்கு வயதில்தான் என் இரண்டு காதுத் துவாரமும் ஒரே அளவில்லை என்று தெரிந்தது.

சரியாகப் பொருந்தியதும் வெளி உலகம் அணைந்துபோகிறது. ஒலியும் இந்த நான்கில் விலைக்கு மிஞ்சியது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பாட்டி மூச்சை உள்ளே இழுப்பதுகூடக் கேட்கிறது. ஆனால் நான் காப்பியை விழுங்குவதும் கேட்கிறது. எழுந்து நடந்தால் குதிகாலின் இடி தலைக்குள் கேட்கிறது. துவாரத்தை அடைத்ததும் எலும்பு வழியே வரும் தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குவதால் வருவது இது. பிரமரி மூச்சுப் பயிற்சியில் காதை விரலால் மூடிக்கொண்டு ஹும் என்று ரீங்காரம் செய்யச் சொல்வது இதை அறிந்துதான். வண்டு வெளியே இல்லாமல் மண்டைக்குள் பறக்கும். தியானத்துக்கு அது உதவி. அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதுவதற்கு, என் உடம்பே குறுக்கே பேசுவது போல இருக்கிறது.

இதற்கு மேல் இயர்போன் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் நுனியைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளி, இரவு

நண்பர் தந்தது காஸ் போர்ட்டா ப்ரோ. அமெரிக்காவில் மில்வாக்கியில் இருக்கும் காஸ் நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. நாற்பது வருஷமாகியும் ஏறக்குறைய அதே உருவில் விற்கிறது. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். காதின் மேல் வெறும் ஸ்பாஞ்ச். அதற்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு அருகில் சாய்ந்துகொள்ள இன்னொரு சிறு மெத்தை. ஒரு சின்ன நெம்பியை நகர்த்தினால் காதின் மேல் விழும் பாரத்தில் கொஞ்சத்தை அந்த மேல் மெத்தை வாங்கிக்கொள்ளும். மென்மையிலிருந்து இறுக்கம் வரை மூன்று நிலைகள். யாரோ ஒருவர் ஒரு நாள் முழுக்க இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, காது சுட்ட பிறகு வரைந்த உருவம் இது என்று நம்புகிறேன்.

இதன் பின்பக்கம் மூடியில்லை. திறந்த ஹெட்போன் என்ற இந்த வழியை 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் தன் எச்டி 414 மாடலில் தொடங்கி வைத்தது. அதுவரை ஹெட்போன் என்றால் காதை மூடி அடைப்பது. 414 காதின் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்துவிட்டு, பின்னால் திறந்து விட்டது. ஒலி மண்டைக்குள் இடிக்காமல் சற்றுத் தள்ளி நின்று பேசியது. காதுக்கும் காற்று வந்தது. 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்தபோது கூடவே வந்த ஹெட்போன் 50 கிராமுக்கும் குறைவு. அந்த எடைக்குறைவு இல்லாவிட்டால் நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்ற எண்ணமே மக்களிடம் பிடித்திருக்காது என்பது என் கருத்து.

போர்ட்டா ப்ரோவில் மூன்று மணி நேரம் வேலை செய்தேன். காது மறந்துபோயிற்று. ஆனால் எதிர்வீட்டுத் தொலைக்காட்சி, தண்ணீர் லாரி, அம்மா யாரோடோ பேசுவது எல்லாம் உள்ளே வந்தன. அவற்றைத் தாண்டிக் கேட்க என்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டியிருக்கிறேன். கழற்றிய பிறகு காதில் லேசான ரீங்காரம். அது நல்ல அறிகுறி இல்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி, 86இல் 10 மணி. என் வேலையே வாரத்துக்கு 30 மணி நேரம் என்பதால் இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த ஹெட்போன் அமைதியான அறைக்கு ஏற்ற பொருள். என் அறை விடியற்காலையில் மட்டுமே அமைதி.

ஞாயிறு, விடியற்காலை

இன்று ஒரு விஷயம் பிடிபட்டது. மெதுவாக எழுதுகிறேன்.

பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு தம்புரா சுருதி ஓட்டினேன். பிறகு ஒரு விரலைக் குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவே நுழைத்தேன். கீழ் சட்ஜத்தின் கனம் அப்படியே இறங்கிவிட்டது. விரலை எடுத்ததும் திரும்ப வந்தது. விரலுக்குப் பதில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்; கம்பி நுழையும் இடத்தில் மயிரளவு இடைவெளி, அதற்கும் கனம் கொஞ்சம் குறைந்தது. தாழ்ந்த ஒலி என்பது மெதுவாக அசையும் காற்று. சின்ன இடைவெளி கிடைத்தாலும் அது காதுக்குப் போவதற்கு முன்னால் அதன் வழியே வெளியேறிவிடும். மேல் ஒலிக்கு அது நேர்வதில்லை.

ஆகவே பேஸ் வேண்டுமென்றால் குஷன் தோலோடு ஒட்ட வேண்டும். விலை உயர்ந்த ஹெட்போனில் மிருதுவான, மெல்ல மெல்ல முகத்தின் வடிவுக்கு இணங்கும் மெத்தை இந்த வேலையைச் செய்கிறது. மலிவானதில் மெத்தைக்குச் செலவழிக்க முடியாது. அதனால் தலைப்பட்டையின் பிடியை இறுக்குகிறார்கள். கடைப் பையன் சொன்ன அந்த இடியும், என் கன்னப்பொட்டில் வந்த வலியும், அம்மாவின் திருகாணியும் ஒரே இடத்தில், தோலும் குஷனும் சேரும் அந்த விளிம்பில், பிறக்கின்றன. ஒலி எப்படி, வசதி எப்படி என்று இத்தனை நாள் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இனி ஒரே பத்தி போதும்.

இதை யாரும் எனக்காகச் சோதித்துச் சொல்லிவிடவும் முடியாது. அந்த விளிம்பு என் தாடை, என் கண்ணாடி, என் முடியால் ஆனது. அளக்கும் கருவிக்கு நெற்றிப்பொட்டு வலிக்காது.

ஞாயிறு, மாலை

நத்தானியேல் பால்ட்வின் நினைவு நாள் முழுக்க. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். தேவாலயத்தின் பெரிய கூட்டத்தில் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்ற குறையிலிருந்து ஒலியைப் பெருக்கும் முயற்சியில் இறங்கியவர். 1910இல் தான் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்தவர்கள் அதன் கூர்மையைக் கண்டு வியந்து, மேலும் கேட்டார்கள். அவரோ வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்தார். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் அவரால் கொடுக்க முடியவில்லை.

கடற்படை சொன்ன குறை தலைப்பட்டையைப் பற்றியது. மாட்டிக்கொள்ள வசதியில்லை என்றார்கள். அவர் தோல் சுற்றிய இரண்டு கம்பிகளைக் கொண்டு ஏற்ற இறக்கக்கூடிய ஒரு பட்டையைச் செய்து கொடுத்தார். அதற்குக் காப்புரிமை வாங்கிக்கொள்ளும்படி சொன்னபோது, இவ்வளவு அற்பமான பொருளுக்கா என்று மறுத்துவிட்டாராம். நூறு வருஷத்துக்குப் பிறகு, அந்த அற்பமான பொருளைப் பற்றித்தான் ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்

ஒப்பிடும் முறையைப் பற்றி. இரண்டு ஹெட்போனில் எது சற்றுச் சத்தமாக இருக்கிறதோ அதுவே நல்லது என்று காது சொல்லிவிடும். நாம் அதைச் சத்தம் என்று உணர்வதுகூட இல்லை. தெளிவு, உயிர்ப்பு என்று பெயர் வைத்துவிடுவோம். அதனால் ஒவ்வொன்றுக்கும் தம்புராவை ஓட்டி, சத்தத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் பேச்சுக்குப் போகிறேன். ஒலியை உள்ளபடி வைத்திருக்கும் நினைவும் சில விநாடிகளுக்கு மேல் நிற்காது. முந்தாநாள் கேட்டதோடு இன்று கேட்பதை ஒப்பிடுவதில் பாதி கற்பனை. கழற்றி உடனே மற்றதை மாட்ட வேண்டும். அதே பத்து விநாடி, திரும்பத் திரும்ப.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு வைத்துப் பார்த்தார். அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் 2017இல் அது வெளியானது. எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு இல்லை என்பது அவர் கண்ட முடிவு. கையில் இரண்டாயிரம் ரூபாய் வைத்திருப்பவனுக்கு இதைவிட ஆறுதலான ஆய்வு வேறு இல்லை. மிச்சப் பணம் மெத்தைக்கும், கம்பிக்கும், பல வருஷம் உழைப்பதற்கும் போகிறது. அவையும் வேண்டியவைதான்.

புதன், விடியற்காலை

இன்று ழகரத்தோடு மட்டும் இருந்தேன்.

நாக்கு நுனி பல்லடியைத் தொட்டால் லகரம். மடங்கி மேலே போய்த் தொட்டால் ளகரம். மடங்கி, தொடாமல் நின்றால் ழகரம். நாம் மூன்றையும் ஒரு குடும்பமாகப் பாடம் சொல்கிறோம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் அப்படிச் சேர்க்கவில்லை. லகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக வைத்து, ழகரத்தை ரகரத்தின் பக்கத்தில் உட்கார வைக்கிறது. கருவிகள் இல்லாத காலத்தில் வெறும் காதாலும் நாக்காலும் கண்டது. இன்று ஒலியைப் படமாக்கிப் பார்த்தாலும் ழகரம் ரகரத்தின் உறவாகவே தெரிகிறது. இந்த எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோனது. அதில் "வழி" கேட்டு எத்தனை பேர் எத்தனை வீடுகளைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறோம். அப்பாவின் குரலின் அடிச்சுருதி அந்த 300க்குக் கீழே இருந்தது. தொலைபேசி அதை அனுப்பவேயில்லை. மேலே வந்த ஒலிகளிலிருந்து மூளை அதைத் தானே கட்டிக்கொண்டது. அப்பா என்று முதல் எழுத்திலேயே தெரிந்தது.

ஆக, என் வேலைக்குக் கீழ் ஒலி அவ்வளவு தேவையில்லை. தொல்லையே அதுதான். பலத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலியை விழுங்கும் தன்மை உடையது. மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு விழுங்குவதில்லை. மின்விசிறி, மேசையின் தட்டல், ஒலிவாங்கியில் பட்ட கை, எல்லாம் கீழே. அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் ஹெட்போன் ழகரத்தை விழுங்கத்தான் செய்யும்.

வெள்ளி

பழைய ஹெட்போனின் குஷன் உரிந்து, கறுப்புத் துகள்கள் காதிலும் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். மேல் ரெக்சின் நம் ஊர் ஈரத்திலும் வியர்வையிலும் உதிர்ந்துபோகும் இயல்புள்ளது. இரண்டு கோடை தாண்டினால் அதிகம். புதியதற்கும் அதே கதி வராதிருக்க, அப்பாவின் நைந்த வேட்டி ஒன்றை வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து, பெரிய ஹெட்போனின் இரண்டு குஷனுக்கும் உறை போட்டேன். வியர்வைக்காகச் செய்தது. துவைத்துக்கொள்ளலாம்.

இறுக்கத்துக்கு வேறு வைத்தியம். அகராதிகளை என் தலை அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக அடுக்கி, ஹெட்போனை அவற்றின்மேல் மாட்டி இரண்டு இரவு விட்டுவைத்தேன். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் அதில் ஒன்று. நெளிக்கக் கூடாது, பிளாஸ்டிக் பட்டை முறிந்துவிடும். தானாக விரியட்டும் என்று விடவேண்டும்.

சனி, விடியற்காலை

உறையோடும் விரிந்த பட்டையோடும் மாட்டினேன். பருத்தி காதைச் சுற்றித் தொட்டது. கண்ணாடிக் கம்பி அழுத்தவில்லை. தம்புராவை ஓட்டினேன். கனம் குறைந்திருந்தது. துணி வழியாகவும், தளர்ந்த விளிம்பு வழியாகவும் தாழ்ந்த ஒலி கசிகிறது.

மிருதங்கம் ஒன்று போட்டுப் பார்த்தேன். வலந்தலை கூர்மையாகக் கேட்டது. தொப்பியின் கும்கி, இடது கை தேய்த்து எழுப்பும் அந்த உருளல், பாதிக்குப் பாதி காணோம். இழப்பு பெரியது. கச்சேரிக்கு உறையைக் கழற்றிவிட வேண்டும். கையால் சற்று அழுத்திக்கொண்டால் கும்கி திரும்புகிறது. பாட்டுக்காக மட்டும் வாங்குபவருக்கு இந்த வேட்டி உறையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறகு பாட்டியின் பேச்சு. சத்தத்தைத் தாழ்த்தியே வைத்தேன். மின்விசிறி பின்னுக்குப் போயிருந்தது. டம்ளர் வைத்த இடி ஒரு சிறு தட்டலாகச் சுருங்கியிருந்தது. பாட்டி ழகரத்தைச் சுத்தமாகச் சொல்பவர்; "மழை", "கிழக்கு" என்று அதே பதிவில் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு இடங்களையும் முதலில் கேட்டு, நாக்கு மடங்கும் ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு, பிறகு சந்தேகப்பட்ட இடத்துக்கு வந்தேன். ஆறு தடவை. கண்ணை மூடியிருந்தேன். ஐந்தாவது தடவை கேட்டதை நம்பாமல் ஆறாவது.

அம்மா எழுந்து வந்தாள். ஒன்றும் சொல்லாமல் அவள் தலையில் மாட்டி அந்த வாக்கியத்தை ஓட்டினேன். கூடு காதைச் சுற்றி உட்கார்ந்தது. தோட்டின் மேல் படவில்லை.

"திருகாணி குத்தறதாம்மா?"

"இல்லை. இன்னொரு தரம் போடு."

போட்டேன்.

"வழின்னுதான் சொல்றா. ராத்திரியில வரப்பு வழி. வேறென்ன சொல்லுவா?"

சனி, காலை

இயர்போனையும் சிறியதையும் ரிச்சி தெருவில் திருப்பிக் கொடுத்தாயிற்று. போர்ட்டா ப்ரோ நண்பரிடம் போய்விட்டது. பெரியது என்னிடம் நிற்கிறது. இரண்டாவது ஜோடி உறைக்கு வேட்டியில் இன்னும் துணி இருக்கிறது.

14ஆவது பதிவு, பக்கம் 41, மேலிருந்து ஒன்பதாவது வரி: "வலி" என்பதை அழித்து "வழி" என்று திருத்தினேன்.